கூர்ப்பைப் படிப்பிக்கிறவர் கோயிலுக்குப் போகலாமோ?

வெள்ளவத்தை ரீச்சர் (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். நான் உயர்தர உயிரியல் படிப்பிக்கிறேன், தமிழ் மொழிமூலம். கூர்ப்பு (பரிணாமம்) அலகு வந்தால் வகுப்பு கொஞ்சம் அடங்கிப் போகும். சைவப் பிள்ளைகள், கத்தோலிக்கப் பிள்ளைகள், முஸ்லிம் பிள்ளைகள், சின்னச் சபைகளுக்குப் போகிற பிள்ளைகள் எல்லாரும் ஒரே வாங்கில்தான் இருக்கிறார்கள். இந்த முறை ஒரு பிள்ளை பாடம் முடிய வந்து நேராகவே கேட்டாள்: "வெள்ளிக்கிழமையில விபூதி பூசிக்கொண்டு வாறீங்கள். அதே கையால டார்வினையும் எழுதிப் போடுறீங்கள். உண்மையில எதை நம்புறீங்கள் ரீச்சர்?"

இரண்டையும்தான் என்றேன். "ரெண்டும் ஒண்டையொண்டு பிழையெண்டுதானே சொல்லுது" என்றாள். அவளுக்கு ஒரு வரியில் பதில் சொல்லி அனுப்புவது சரியில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கூர்ப்பின் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். இதில் விட்டுக்கொடுக்க எனக்கு இடமில்லை. வகுப்பில் நான் காட்டுகிற சான்று ஒன்று. மனிதனுக்கு 23 சோடி நிறமூர்த்தம் (குரோமோசோம்). சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டான் மூன்றுக்கும் 24 சோடி. பொது மூதாதை ஒன்று இருந்திருந்தால் நம்முடைய ஒரு சோடி எங்கே போனது? எங்கேயும் போகவில்லை. எங்கள் 2ஆம் நிறமூர்த்தத்தை விரித்துப் பார்த்தால், நுனியில் மட்டும் இருக்கவேண்டிய டி.என்.ஏ. எழுத்துத் தொடர் நடுவில் கிடக்கிறது, இரண்டு நுனிகளை முகத்துக்கு முகம் வைத்து ஒட்டினதுமாதிரி. கலம் பிரியும்போது நிறமூர்த்தத்தைப் பிடித்து இழுக்கிற இடம் மையப்பாத்து; ஒரு நிறமூர்த்தத்துக்கு ஒன்றுதான் இருக்கும். இதில் வேலை செய்கிறது ஒன்று, செயலிழந்து தடமாய்க் கிடக்கிறது இன்னொன்று. இரண்டு பழைய நிறமூர்த்தங்கள் இணைந்து ஒன்றாகின அடையாளம் இது. எங்கள் ஒவ்வொருவருடைய உடம்பிலும், கிட்டத்தட்ட எல்லாக் கலத்திலும் இருக்கிறது. இதைப் பார்த்த பிறகு, "அது ஒரு கொள்கைதானே" என்று பிள்ளைகளிடம் சொல்ல என்னால் முடியாது.

நம்பிக்கையின் பக்கம்: இரண்டும் சேர்ந்து இருக்கலாம் என்பது என் எண்ணம். ஆனால் எல்லா வகை நம்பிக்கையும் இல்லை, சும்மாவும் இல்லை. நம்பிக்கை சிலதை விட்டுக்கொடுக்க வேண்டும். "இரண்டும் ஒன்றுதான்" என்கிறவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை, "இரண்டில் ஒன்றுதான்" என்கிறவர்களோடும் இல்லை. உங்கள் கருத்துகளை எழுதுங்கள். மற்றவருடைய சமயத்தை மரியாதையோடு கதைப்போம்.

சிவதொண்டன்

ரீச்சர், எங்களுக்கு இதில் பிரச்சினையே இல்லை. மற்ற மதங்களுக்குத்தான் டார்வின் இடைஞ்சல். மச்சம், கூர்மம், வராகம், நரசிங்கம், வாமனம்: தண்ணீரில் மீன், பிறகு இரண்டிலும் வாழும் ஆமை, பிறகு பாலூட்டி, பாதி மனிதன், குறள் மனிதன். இது கூர்ப்பு இல்லாமல் வேறென்ன? மணிவாசகர் "புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகி" என்று பாடி ஆயிரம் வருடத்துக்கு மேலாகிறது. தொல்காப்பியர் ஓரறிவு முதல் ஆறறிவு வரை அடுக்கி வைத்தார். டார்வின் 1859இல் சொன்னதை எங்கட ஆக்கள் எப்பவோ சொல்லிவிட்டார்கள்.

வெள்ளவத்தை ரீச்சர்

சிவதொண்டன் அண்ணா, சிவபுராணம் நானும் நாள்தோறும் படிக்கிறேன். அதனால்தான் இதில் அவசரப்பட விருப்பமில்லை.

அந்த வரிகளை முழுக்கப் படியுங்கள். புல், பூடு, புழு, மரம், மிருகம், பறவை, பாம்பு. அதற்குப் பிறகு கல், அதற்குப் பிறகு மனிதர், பேய், கணங்கள், அசுரர், முனிவர், தேவர். இது உடல்களின் வரலாறு இல்லை. ஒரே உயிர் எத்தனையோ உடம்புக்குள் போய்வந்து களைத்துப்போய், "எல்லாப் பிறப்பும் பிறந்திளைத்தேன் எம்பெருமான்" என்று காலைப் பிடித்து அழுகிறது. கூர்ப்பில் அப்படிப் பயணம் போகிற ஒருவரும் இல்லை. ஒரு குடித்தொகைக்குள், அதாவது ஒரே இடத்தில் வாழும் ஒரே இனக் கூட்டத்துக்குள், வேறுபாடுகள் இருக்கின்றன, சிலவற்றுக்கு வாரிசு கூட, சிலவற்றுக்குக் குறைவு. தலைமுறை தலைமுறையாகக் குடித்தொகை மாறுகிறது. ஒரு தனிப் பல்லி ஒருநாளும் கூர்ப்படைவதில்லை. திருவாசகத்தை உயிரியலாக்கினால் உயிரியலும் கெடும், அந்த அழுகையும் போய்விடும்.

தொல்காப்பியர் செய்தது பாகுபாடு. அருமையான பாகுபாடு. ஆனால் ஓரறிவிலிருந்து ஈரறிவு வந்தது என்று அவர் எங்கும் சொல்லவில்லை. தசாவதார ஒப்பீடு டார்வினுக்குப் பிறகு வந்தது. பிளாவட்ஸ்கி அம்மையார் 1877இலும், வங்காளத்துக் கேசவ சந்திர சென் 1882இலும் அதை எடுத்துச் சொன்னார்கள். அதற்கு முன் எங்கள் பெரியவர்கள் மச்சாவதாரத்தை முதுகெலும்பிகளின் தொடக்கமாகப் படிக்கவே இல்லை.

எங்களுக்குப் பிரச்சினையே இல்லை என்பதும் முழுச் சரி இல்லை. சித்தாந்த நூல்கள் உயிர்களின் தோற்றத்தை நான்காகப் பிரிக்கின்றன: அண்டசம், சுவேதசம், உற்பிச்சம், சராயுசம். முட்டையில் பிறப்பது, வேர்வையில் பிறப்பது, வித்தில் பிறப்பது, கருப்பையில் பிறப்பது. பேனும் சில புழுக்களும் வேர்வையிலிருந்து உண்டாகும் என்பது சுவேதசம். 1860களின் தொடக்கத்தில் லூயி பாஸ்டர் குடுவைகளை வைத்துச் செய்த சோதனைகளுக்குப் பிறகு அப்படிச் சொல்ல இடமே இல்லை. பேன் ஈரிலிருந்துதான் வருகிறது. நாலில் ஒன்று போய்விட்டது. அதற்காக ஒருவரும் கோயிலுக்குப் போகாமல் விட்டார்களா? பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (தளை) என்ற அடிப்படை அசையவில்லையே. எது அடித்தளம், எது அந்தக் காலத்து இயற்கை அறிவு என்று பிரிக்கப் பழகவேண்டும். அதைத்தான் விட்டுக்கொடுப்பு என்றேன்.

ஜெபவீட்டுப் பிள்ளை

ரீச்சருக்கு நன்றி, மரியாதையாகக் கேட்டதற்கு. நான் கூர்ப்பை ஏற்காதவன். காரணத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்.

ஆண்டவர் உயிர்களை "அதினதின் ஜாதியின்படி" படைத்தார் என்று ஆதியாகமம் சொல்கிறது. நாயில் இத்தனை வகை வந்ததை நான் ஏற்கிறேன். சின்ன மாற்றம் வேறு, மீன் மனிதனாவது வேறு. ஆனால் எனக்குப் பெரிய பிரச்சினை மீன் இல்லை, ஆதாம். "ஆதாமுக்குள் எல்லாரும் மரிக்கிறதுபோல, கிறிஸ்துவுக்குள் எல்லாரும் உயிர்ப்பிக்கப்படுவார்கள்" என்று பவுல் எழுதினார். ஆதாம் இல்லையென்றால் விழுகை, அதாவது முதல் பாவம், இல்லை. விழுகை இல்லையென்றால் சிலுவை எதற்கு? ஒரு கல்லை உருவினால் வீடே விழும். "அதை உவமையாக எடு" என்று மற்றவர்கள் லேசாகச் சொல்கிறார்கள். என் இரட்சிப்பு அதில் நிற்கிறது.

கொட்டாஞ்சேனை சூசை

தம்பி, நீர் கேட்டது நல்ல கேள்வி. இந்த இழையில் இதுவரை வந்ததில் கனமானதும் அதுதான். நான் கத்தோலிக்கன். எங்கட திருச்சபை இதில் நடந்த வழியைச் சொல்கிறேன்.

ஆதியாகமத்தின் முதல் இரண்டு அதிகாரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசியும். முதலாவதில் விலங்குகள் வந்து பிறகு மனிதர், ஆணும் பெண்ணுமாக. இரண்டாவதில் முதலில் மனிதன், பிறகு விலங்குகள், பிறகு ஏவாள். இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்த பெரியவர்களுக்கு வரிசை மாறுவது தெரியாமலா இருந்திருக்கும்? அது அறிக்கை எழுதுகிற எழுத்து இல்லை. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், டார்வினுக்கு 1400 வருடத்துக்கு முன்னமே, புனித அகுஸ்தீன் எச்சரித்தார்: வானத்தையும் பூமியையும் பற்றி விசுவாசி அல்லாதவர்கள் அறிவால் நிச்சயமாகத் தெரிந்து வைத்திருக்கிற விசயத்தில் நாங்கள் வேதத்தைக் காட்டி உளறினால், உயிர்ப்பைப் பற்றி நாங்கள் சொல்வதை அவர்கள் எப்படி நம்புவார்கள் என்று.

1950இல் பாப்பரசர் 12ஆம் பத்திநாதர், உடல் முன்னைய உயிர்களிலிருந்து வந்ததா என்று ஆராயத் தடையில்லை, ஆன்மாவைக் கடவுளே நேரடியாகப் படைக்கிறார் என்று எழுதினார். 1996இல் 2ஆம் அருளப்பர் சின்னப்பர், கூர்ப்பு வெறும் கருதுகோள் என்ற நிலையைக் கடந்துவிட்டது என்றார். மரபியலைத் தொடக்கிவைத்த மெண்டல் யார்? பேர்னோ நகரத்து மடத்தில் பட்டாணி நட்ட அகுஸ்தீன் சபைத் துறவி. 1866இல் அவருடைய கட்டுரை அச்சில் வந்தது. அவருடைய பட்டாணி இல்லாமல் டார்வினுடைய கொள்கை ஒற்றைக் காலில்தான் நின்றிருக்கும்.

இப்ப ஆதாம். இதில் எங்கட ஆக்களும் முடிச்சை முழுக்க அவிழ்க்கவில்லை, அதை உமக்கு மறைக்கமாட்டேன். அதே 1950 சுற்றுமடலில், முதல் பெற்றோர் ஒரு சோடிதான் என்ற போதனையை விடுவது எப்படிப் பொருந்தும் என்று தெரியவில்லை என்ற கருத்தும் இருக்கிறது. இன்றைய மரபியலோ, எங்கட இனம் ஒரு கட்டத்திலும் இரண்டே பேராகச் சுருங்கினதாகக் காட்டவில்லை, ஆயிரக்கணக்கானோர் கொண்ட குடித்தொகையாகவே இருந்தது என்கிறது. இறையியலாளர் இதில் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். ஆனால் பாவம் இருக்கிறது என்று எனக்குத் தெரிய ஆதாமின் எலும்பு தேவையில்லை. என்னைப் பார்த்தாலே தெரியும். சிலுவை அதற்காகத்தான்.

பயோ 26

நான் பரீட்சைக்கு இருக்கிற பிள்ளை, மூத்தவர்கள் மன்னிக்கவும். எனக்கு ஒரு பிராக்டிக்கல் கேள்வி. என்ட ஃபிரெண்ட் ஒருத்தன் கட்டுரை வினாவில "இவை யாவும் இறைவனின் படைப்பு" என்று ஒரு பந்தி எழுதப் போறன் என்கிறான். மார்க்ஸ் குறையுமா?

வெள்ளவத்தை ரீச்சர்

குறைக்கமாட்டார்கள், அந்தப் பந்திக்குப் புள்ளியும் வராது. புள்ளித் திட்டத்தில் இருக்கிற கருத்துக்குத்தான் புள்ளி. இயற்கைத் தேர்வைக் கேட்டால் மாறல், மிகையான இனப்பெருக்கம், போட்டி, தப்பிப் பிழைத்தல், தலைமுறைக்குக் கடத்தல் என்று எழுதவேண்டும். வினாத்தாள் "நீ எதை நம்புகிறாய்" என்று கேட்கவே இல்லை. நேரத்தை மிச்சப்படுத்தி அடுத்த வினாவுக்குப் போகச் சொல்லு.

பொதுச் சுகாதாரம்

நான் வைத்தியர். கொள்கைப் பேச்சு எனக்கு அவ்வளவாக வராது. இந்த நாட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

1963இல் இலங்கை முழுவதிலும் பதிவான மலேரியா நோயாளிகள் 17 பேர். டி.டி.ரி. என்ற பூச்சிக்கொல்லியைத் தெளித்துத் தெளித்து அந்த இடத்துக்கு வந்தோம். நோய் போய்விட்டது என்று தெளிப்பை நிறுத்தினோம், கண்காணிப்பும் தளர்ந்தது. 1968, 69இல் திரும்பி வந்தது, ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்கு. மீண்டும் டி.டி.ரி.யை எடுத்தபோது நுளம்பு பழைய நுளம்பு இல்லை. எங்கள் நாட்டில் மலேரியாவைப் பரப்பும் முக்கியமான அனோபிலிஸ் இனத்தில் டி.டி.ரி. எதிர்ப்பு 1969இல் கண்டறியப்பட்டது. 1970களின் நடுப்பகுதியில் மலத்தியோன் என்ற வேறு பூச்சிக்கொல்லிக்கு மாறவேண்டி வந்தது.

மருந்து அந்த நுளம்புகளுக்கு ஒன்றையும் கற்பிக்கவில்லை. இலட்சத்தில் ஒன்றிரண்டுக்கு முதலே அந்த வேறுபாடு இருந்திருக்கும். மற்றவை செத்தன, அவை முட்டையிட்டன. அவ்வளவுதான். இதற்குப் பெயர் இயற்கைத் தேர்வு. 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று அறிவித்தபோது அதற்குப் பின்னால் இந்த விளக்கத்தின்மீது கட்டின எத்தனையோ முடிவுகள் இருந்தன. எந்த மருந்தை எப்போது மாற்றுவது, எதை எதோடு சேர்த்துக் கொடுப்பது எல்லாமே இதில்தான் நிற்கிறது.

அந்த இயக்கத்தில் வேலை செய்தவர்களில் பௌத்தர், இந்துக்கள், கிறிஸ்தவர்கள், முஸ்லிம்கள் எல்லாரும் இருந்தார்கள். போயாவுக்கு விகாரைக்குப் போய்விட்டு அடுத்த நாள் நுளம்பு எதிர்ப்பைச் சோதித்தவர்கள். ஒரே மனிதருக்குள் இரண்டும் இருக்க முடியுமா என்று கேட்டால், இருந்தன. நான் கண்ணால் பார்த்தேன். அது முரணில்லாமல் இருக்கிறதா என்பது வேறு கேள்வி, அதை நீங்கள் தொடருங்கள்.

பாமன்கடைப் பகுத்தறிவு

வைத்தியர் கடைசி வரியில் சரியான இடத்தைத் தொட்டார். ஒரே தலைக்குள் இரண்டு எண்ணம் இருப்பது அவை பொருந்துகின்றன என்பதற்குச் சான்று ஆகாது. மனிதருக்கு அப்படி வாழ முடியும், அவ்வளவுதான்.

நான் கோவூர் எழுதியவற்றைத் தமிழில் வாசித்து வளர்ந்தவன். அவர் இதே பாமன்கடையில் வாழ்ந்த தாவரவியல் ஆசிரியர். அற்புதம் செய்து காட்டுபவருக்கு ஒரு இலட்சம் ரூபாய் என்று அறுபதுகளில் சவால் விட்டார், சாகும்வரை ஒருவரும் வாங்கவில்லை. ஆனால் நான் கேட்கப்போவது அற்புதத்தைப் பற்றி அல்ல.

சூசை அவர்களே, கடவுள் கூர்ப்பின் வழியாகப் படைத்தார் என்கிறீர்கள். அப்படியானால் அவர் தெரிவுசெய்த கருவி என்ன? பசி, நோய், ஒட்டுண்ணி, மரணம். பூமியில் தோன்றிய இனங்களில் 99 விழுக்காட்டுக்கு மேல் அழிந்துவிட்டன. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு விண்கல் விழாமல் இருந்திருந்தால் இந்த இழையில் எழுத ஒருவரும் இருந்திருக்கமாட்டோம். டார்வின் 1860இல் அமெரிக்கத் தாவரவியலாளர் ஏசா கிரேக்கு எழுதிய கடிதத்தில் ஒரு குளவியைச் சொல்கிறார். அது உயிருள்ள மயிர்க்கொட்டியின் உடலுக்குள் முட்டையிடுகிறது. குஞ்சுகள் அதை உள்ளிருந்து தின்று வளர்கின்றன. கருணையுள்ள, எல்லாம் வல்ல ஒருவர் இதை வேண்டுமென்றே படைத்தார் என்று தன்னை நம்பவைக்க முடியவில்லை என்றார்.

ஆறு நாளா, 454 கோடி ஆண்டா என்ற சண்டை சின்னச் சண்டை. உவமை என்று சொல்லித் தப்பலாம். இந்தக் குளவியை உவமை என்று சொல்ல முடியாது.

தெமட்டகொட நானா

அஸ்ஸலாமு அலைக்கும். மிஸ், இந்த இழையை என்ட மகள் காட்டினா. அவ பயோ செய்றா, மருத்துவபீடம் போக ஆச. அதால எனக்கும் இது வீட்டு விசயம்.

எங்கட ஆக்கள்ல நிறையப் பேர் இத ஒரே வார்த்தைல "ஹராம்"னு முடிச்சிடுறாங்க. நான் அப்படி இல்ல. 1377ல இப்னு கல்தூன் எழுதின முகத்திமாவ வாசிச்சா, கனிமம், தாவரம், விலங்குன்னு ஒண்டோட ஓரம் அடுத்ததோட ஓரத்தத் தொடுற மாதிரி அடுக்கி, குரங்குட உலகத்துக்கு மேல மனுசன வைக்கிறார். சிவதொண்டன் அண்ணனுக்கு மிஸ் சொன்னதயே எனக்கும் சொல்லிக்கிறேன்: அது டார்வின் சொன்ன கூர்ப்பு இல்ல, இயற்கைத் தேர்வு அதுல இல்ல. ஆனா உயிர்கள ஒண்டோட ஒண்டு தொடுத்துப் பார்க்கிறது எங்கட அறிஞர்களுக்குப் பயமா இருக்கல்லங்கிறது தெரியுது. 19ஆம் நூற்றாண்டுக் கடசில லெபனான் திரிப்போலில இருந்த ஹுஸைன் அல்-ஜிஸ்ர்ங்கிற ஆலிம், இந்தக் கொள்கை உறுதியான சான்றோட நிரூபணமானா வசனங்கள அதுக்கேத்த மாதிரி விளங்கிக்கலாம்னு எழுதினார். டார்வின் செத்துக் கொஞ்ச வருசத்திலயே.

"உயிருள்ள ஒவ்வொண்டயும் நீர்லேர்ந்து படைச்சோம்"ங்கிற வசனத்தக் காட்டி, பாருங்க குர்ஆன்ல கூர்ப்பு இருக்குன்னு வட்சப்ல அனுப்புறவங்களுக்கும் நான் ஓம் சொல்றதில்ல. நாளைக்கு விஞ்ஞானம் மாறினா வசனத்த என்ன செய்வீங்க? அல்லாஹ்ட வேதத்த ஒவ்வொரு வருசமும் ஆய்வுக் கட்டுரையோட ஓட்டப்பந்தயம் ஓட விடுறது மரியாத இல்ல.

என்ட நிலை இது. மரம், மீன், குரங்கு, உடம்புகள் எல்லாம் மிஸ் படிப்பிக்கிற மாதிரித்தான் வந்திச்சு. ஆதம் அலைஹிஸ்ஸலாம் மட்டும் அல்லாஹ்ட தனிப் படைப்பு. அத நான் ஈமானா (நம்பிக்கையா)ப் பிடிக்கிறேன். அதுக்கு விஞ்ஞானச் சான்று கேட்டா என்ட கைல இல்ல, இருக்குன்னு பொய் சொல்லவும் மாட்டேன். மகளுக்குச் சொன்னது: வகுப்புல உள்ளத வகுப்புல உள்ளபடி படி, குறைச்சுப் படிக்காத. 2017ல துருக்கில மேல்நிலைப் பாடத்திட்டத்திலேர்ந்து கூர்ப்ப எடுத்தாங்க. 2023ல இந்தியால 10ஆம் வகுப்புப் புத்தகத்திலேர்ந்து எடுத்தாங்க. ரெண்டு நாட்டுப் பிள்ளைகளுக்கும் ஈமானோ பக்தியோ கூடியிருக்கும்னு எனக்குத் தோணல்ல, அறிவுதான் குறையும்.

கொள்ளுப்பிட்டி வாசகன்

குறுக்கே ஒரு விசயம், கொழும்போடு தொடர்புடையது. டார்வினுக்குப் பெரிய தலையிடி கொடுத்தது பாதிரிமார் இல்லை, பௌதிகவியலாளர் கெல்வின் பிரபு. பூமி சூடாறிய வேகத்தைக் கணக்குப் போட்டு, அதன் வயது 2 முதல் 4 கோடி ஆண்டுதான் என்று முடித்தார். இயற்கைத் தேர்வுக்கு அந்தக் காலம் போதாது. அந்தக் கணக்கைக் கவிழ்த்தது கதிரியக்கம்.

இந்தக் கொழும்பில் 1877இல் பிறந்த ஆனந்த குமாரசுவாமியைக் கலை விமர்சகராகத்தான் எங்களுக்குத் தெரியும். அவர் முதலில் புவியியலாளர், இலங்கைக் கனிமவள அளவையின் முதல் பணிப்பாளர். இங்கே கிடைத்த தோரியனைட் என்ற கதிரியக்கக் கனிமம் 1904இல் உலகுக்குத் தெரியவந்ததில் அவருக்குப் பங்கு உண்டு. 1910இல் இங்கிலாந்தில் ஸ்ட்ரட் என்ற பௌதிகவியலாளர், தோரியனைட்டுக்குள் அடைபட்டிருந்த ஹீலியத்தை அளந்து அந்தக் கல்லின் வயதைக் கணித்தார். கெல்வின் கொடுத்ததைவிடப் பல மடங்கு வந்தது. பூமி மிகப் பழையது என்று உலகம் அறிந்ததில் எங்கள் மண்ணின் கல்லுக்கும் பங்கு. அதைத் தேடியெடுத்த மனிதர் பிற்காலத்தில் முழுக்க முழுக்க மெய்யியலும் சமயமும் எழுதினார். இழைக்குப் பொருத்தமாகப் பட்டது.

ஜெபவீட்டுப் பிள்ளை

நானா ஆதமைப் பற்றிச் சொன்னது எனக்கு நெருக்கமாக இருக்கிறது. ரீச்சர், மீன் விசயத்துக்கு நீங்கள் பதில் சொல்லவில்லை. இடையில் உள்ள உயிர்கள் எங்கே?

வெள்ளவத்தை ரீச்சர்

தம்பி, ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். 38 கோடி ஆண்டுப் பாறையில் நாலு காலுள்ள முதுகெலும்பியின் எலும்பு கிடைக்கவில்லை, மீன்தான். ஏறக்குறைய 36 கோடி ஆண்டுப் பாறையில் கால் உண்டு. அப்படியென்றால் இடையில் உள்ளது ஏறக்குறைய 37.5 கோடி ஆண்டுப் பாறையில், அதுவும் ஆழமில்லாத ஆற்றுப் படிவில் கிடைக்கவேண்டும். இப்படிக் கணித்து, அந்த வயதுப் பாறை வெளியில் தெரிகிற இடத்தை வரைபடத்தில் தேடி, கனடாவின் வடகோடியில் எல்ஸ்மியர் தீவுக்குப் போனார்கள். பல வருடம் வெறுங்கையோடு திரும்பினார்கள். 2004இல் டிக்டாலிக் என்ற உயிரின் புதைபடிவம் கிடைத்தது. செதில், செட்டை, நீரில் சுவாசிக்கிற பூ எல்லாம் மீனுக்கு உரியது. ஆனால் கழுத்து அசைகிறது, தலை முதலைமாதிரித் தட்டை, செட்டைக்குள்ளே எங்கள் மேற்கை, முழங்கை, மணிக்கட்டு எலும்புகளுக்கு ஒத்த எலும்புகள். எங்கே, எந்த வயதில் தேடினால் கிடைக்கும் என்று முதலே சொல்லிவிட்டுப் போய் எடுத்தார்கள். தற்செயலாகக் காலில் இடறவில்லை.

சின்ன மாற்றத்தை ஏற்கிறேன் என்றீர்கள். சின்ன மாற்றம் சேராமல் தடுக்கிற சுவர் ஒன்று எங்கேயாவது இருக்கவேண்டுமே. அப்படி ஒன்று உயிரினத்துக்குள் இல்லை.

பாமன்கடை ஐயாவின் குளவிக்கு வருகிறேன். எனக்கும் அதுதான் பெரிய கேள்வி. சித்தாந்தத்தில் உயிர்கள் படைக்கப்பட்டவை அல்ல, அநாதி. ஆணவம் மறைத்திருக்கிறது, உடம்பு கொடுக்கப்படுகிறது. அதனால் "நல்ல கடவுள் ஏன் கெட்டதைப் படைத்தார்" என்ற கேள்வி எங்களிடம் அதே வடிவத்தில் வராது. ஆனால் மயிர்க்கொட்டிக்கு என்ன கன்மம் என்று ஒரு பிள்ளை கேட்டால், "போன பிறப்பில் செய்தது" என்று சொல்ல எனக்கு வாய் வராது. நோயுள்ள குழந்தையின் தாயிடம் அப்படிச் சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன். அது சமயம் இல்லை, கொடுமை. மனிதன்தான் இந்த நீண்ட வரலாற்றின் இலக்கு, எல்லாம் எங்களுக்காக ஒழுங்கு செய்யப்பட்டது என்ற எண்ணத்தையும் விட்டுவிட்டேன். நுளம்பும் நானும் ஒரே மரத்தின் கிளைகள். இதை ஏற்றபிறகு திருவாசகம் என்னை முன்னைவிட ஆழமாகத் தொடுகிறது. இது வாதம் இல்லை என்று தெரியும். கேட்டீர்கள், சொல்கிறேன்.

கொட்டாஞ்சேனை சூசை

ஐயா, உங்கட கேள்வியைச் சுருக்க நான் முயலமாட்டேன். 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு. அன்றைக்குக் குண்டு வெடித்த கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் எங்கட வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். அன்றைக்குப் பிறகு "ஏன்" என்று கேட்காத ஒரு குடும்பம் இந்தப் பகுதியில் இல்லை. அந்தக் கேள்வி டார்வினால் வந்தது இல்லை. வேதாகமத்தில் யோபு கேட்டது. டார்வின் அதைக் கோடிக்கணக்கான வருடத்துக்கு நீட்டிவிட்டார், அது உண்மை.

நாங்களும் ஒன்றை இழந்தோம். உலகத்தில் சாவே மனிதன் பாவம் செய்த பிறகுதான் வந்தது என்று சின்னவயதில் படித்தோம். மனிதன் வருவதற்குக் கோடிக்கணக்கான வருடம் முன்னமே ஒன்றை ஒன்று தின்ற பற்கள் பாறையில் இருக்கின்றன. அந்தப் பிரசங்கத்தை இனி அப்படியே சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. மிஞ்சியது என்ன? வேதனைக்கு வெளியே நின்று பார்க்காமல் அதற்குள் வந்து சிலுவையில் செத்த கடவுள். குளவிக்கு அது விளக்கம் இல்லை. நான் கும்பிடுவது விளக்கத்தை இல்லை.

டார்வினைப் பற்றி ஒன்று. அவருடைய மகள் ஆனி 1851இல் பத்து வயதில் செத்தாள். அவர் நம்பிக்கை இழந்ததில் அந்தச் சாவுக்குப் பெரிய பங்கு உண்டு என்று வரலாற்றாசிரியர் பலர் எழுதியிருக்கிறார்கள். அதே டார்வின் 1879இல் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், ஒருவர் தீவிரக் கடவுள் நம்பிக்கையாளராகவும் கூர்ப்பை ஏற்பவராகவும் இருக்கலாம் என்பதில் ஐயமில்லை என்று சொல்லி, உதாரணத்துக்கு அதே ஏசா கிரேயைக் காட்டினார். நம்பாத மனிதர் நம்பிக்கையாளருக்கு அந்த இடத்தை விட்டுவைத்தார்.

பயோ 26

ரீச்சர், அப்ப புத்தகத்தில வாற பெரிய விஞ்ஞானிகளிலயும் சாமி கும்பிட்டவங்கள் இருக்கினமா?

வெள்ளவத்தை ரீச்சர்

இருக்கிறார்கள். குடித்தொகை மரபியலுக்குக் கணித அடித்தளம் போட்ட ரொனால்ட் ஃபிஷர் அங்கிலிக்கன். "கூர்ப்பின் வெளிச்சத்தில் பார்க்காவிட்டால் உயிரியலில் எதுவும் பொருள்படாது" என்று 1973இல் எழுதிய டொப்ஷான்ஸ்கி கிழக்கு மரபுச் சபைக் கிறிஸ்தவர். மனித மரபணுத்தொகுதித் திட்டத்தைத் தலைமை தாங்கி 2003இல் முடித்த பிரான்சிஸ் கொலின்ஸ் சுவிசேஷக் கிறிஸ்தவர். 2005இல் அமெரிக்காவில் டோவர் பள்ளி வழக்கில் கூர்ப்புக்காகச் சாட்சி சொன்ன கென்னத் மில்லர் கத்தோலிக்கர். கும்பிடாதவர்களும் ஏராளம். யார் கும்பிட்டார், யார் கும்பிடவில்லை என்பதால் 2ஆம் நிறமூர்த்தம் மாறப்போவதில்லை. அதைத்தான் நீ பார்க்கவேண்டும்.

பாமன்கடைப் பகுத்தறிவு

ரீச்சரும் சூசையும் நேராகப் பேசினீர்கள். நானும் அப்படியே முடிக்கிறேன். நீங்கள் இருவரும் சொல்லும் கடவுள் நுளம்பை மாற்றுவதில்லை, விண்கல்லைத் திருப்புவதில்லை, நிறமூர்த்தத்தில் கைவைப்பதில்லை. அப்படிப்பட்ட கடவுளோடு கூர்ப்பு மோதாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் இருக்கும் உலகத்துக்கும் இல்லாத உலகத்துக்கும் வேறுபாடு என்ன என்பதற்கு எனக்கு நிறைவான பதில் இன்னும் வரவில்லை. மோதாமல் இருப்பது உண்மையாய் இருப்பது ஆகாது. இந்த இடத்தில் நாம் பிரிகிறோம்.

மற்றதில் பிரிவில்லை. பாடத்திட்டத்தில் இந்த அலகைக் குறைக்கவோ வெட்டவோ யாராவது இங்கே கேட்டால், எதிர்த்து எழுதும் கடிதத்தில் என் கையெழுத்து இருக்கும். தமிழ் மொழிமூலப் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே நல்ல புத்தகம் குறைவு. இருக்கிறதையும் இழக்க விடக்கூடாது.

தெமட்டகொட நானா

ரெண்டாவது கையெழுத்து என்டது ஐயா. ஆதம் நபி விசயத்தில மட்டும் உங்களோட ஒத்துப்போக மாட்டேன்.

ஜெபவீட்டுப் பிள்ளை

கையெழுத்துப் போட என் மனம் இன்னும் இடங்கொடுக்கவில்லை. டிக்டாலிக்கைப் பற்றி ரீச்சர் எழுதியதை மூன்று தரம் வாசித்தேன். பாறையின் வயதை எப்படி அளக்கிறார்கள் என்பதைத் தமிழில் விளங்கப்படுத்தும் பாடம் ஏதாவது இருந்தால் அனுப்புங்கள் ரீச்சர். வாசித்துவிட்டுத்தான் மேலே கதைப்பேன்.